அடைவில் ஓர் இடம்



திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையை விட்டுச் சற்றே விலகி இருப்பது இரும்பை என்னும் சிற்றூர். அது விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. 7 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் இவ்வூரே. இறைவன் பெயர் மாகாளேசுவரர். இறைவியின் பெயர் குயில்மொழி நாயகி. 1968 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28 ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரம் இதன் அருகிலேயே உள்ளது. அந்நகரைக் காணப் பல நாட்டினரும் வருகின்றனர். அவருள் ஒருவர், தம் நாட்டில் இருந்தவாறே, இரும்பை என்றோர் ஊர் உண்டு என அறிவது எங்ஙனம்?

இன்றைய மாணவர் உடனே விடை கூறுவர்: இணையத்தில் தேடினால் கிடைக்கும் என்பர். உண்மைதான். ஆயினும், தேடுகின்ற பொறிகள் இத்துணைக் கூர்மை பெறாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் இணையத்தளங்களை ஒவ்வொன்றாகக் கண்டு, படித்து, வகைப்படுத்தி, ஓர் அடைவில் எழுதி வைத்தவர்கள் மனிதர்களே. அவருள் மிகப் பலர் ஊதியம் பெறாதவர்கள். அவ்வடைவில் ஒரு தளம் இடம் பெற்ற முறையும், அவ்வடைவு தோன்றி மறைந்த வரலாறும் இன்று நாம் காணவிருப்பவை.

உலகின் முதல் இணையத்தளத்தை 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் டிம் பெர்னர்சு லீ. தளங்கள் சிலவாக இருந்த அந்நாளிலேயே அவற்றுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்து, அதனைத் தொடங்கி வைத்தார். பின்னர், 1994 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிடான்போர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், செர்ரி யாங்கு, டேவிட் பைலோ என்போர், தாம் விரும்பிய தளங்களைத் தொகுத்து ஒரு வழிகாட்டி அமைத்தனர். அதுவே யாகூ என வளர்ந்தது. யாகூ ஊதியம் கொடுத்து ஆசிரியர்களை அமர்த்தியது. ஆனால் தளங்கள் பெருகிய விரைவுக்கு அவர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. விண்ணப்பித்தவர்கள் நெடுநாள் காத்திருந்தனர். பிற்காலத்தில் வணிகத் தளங்களை ஆராய்வதற்கு 299 டாலர் கட்டணமும் கேட்கப்பட்டது. கட்டணம் செலுத்தவியலாத சிறியோரின் நிலை யாது?

இக்குறையைக் கண்டவர்கள், சன் மைக்ரோசிசுடம்சு என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர்களாகிய ரிச் சுகிரெண்டா, பாபு டுரூயல் என்போர். ‘ஊதியத்துக்கு அமர்த்தப்பெற்ற சிலரால் ஆகாதது, ஆர்வத்தால் வரும் பலரால் ஆகலாமன்றோ?’ என்பதே அவர்கள் எண்ணத்தின் சாரம். 1998 ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர்கள் ஓர் அடைவைத் தொடங்கினர். முதலில் அதற்கு இட்ட பெயருக்கு எதிர்ப்பு எழவே, நியூஹூ எனப் பெயர் மாற்றினர். அவ்வாண்டிலேயே நெட்சுகேப்பு நிறுவனம் அதனை வாங்கி, திறந்த அடைவுத் திட்டம் எனப் பெயரிட்டது. மக்கள் வழக்கில் அது டிமாசு எனப்பட்டது. அடைவின் செய்தி முழுவதையும் எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

இனி, அவ்வடைவில் ஒரு தளம் ஏற்கப்பெற்ற முறையைக் காண்போம். அடைவு ஒரு மரத்தைப் போன்றது. அடிமரத்திலிருந்து பெருங்கிளைகளும், அவற்றிலிருந்து சிறுகிளைகளும் பிரிந்தன. விண்ணப்பிப்பவர் முதலில் தம் தளத்துக்கு மிகப் பொருத்தமான கிளையைத் தாமே தேடிக் காணவேண்டும். ஆங்கிலம் அல்லாத மொழித்தளங்களுக்கு ‘உலகம்’ என்றொரு பெருங்கிளை இருந்தது. அதிலே தமிழுக்கும் ஓர் இடம் இருந்தது. தக்க கிளையை அடைந்தபின், தளத்தின் முகவரி, அதன் பெயர், இரண்டொரு வரியில் ஒரு விளக்கம் ஆகியவற்றைத் தருதல் வேண்டும்.

அக்கிளைக்குப் பொறுப்பான தன்னார்வ ஆசிரியர், தமக்கு ஓய்வு கிடைக்கும்போது அத்தளத்தைத் திறந்து பார்ப்பார். சொந்தமான செய்தி அதில் உண்டா, பிறர் எழுதியதை எடுத்து ஒட்டியதா, பாதியில் நிற்கும் பணியா என்று ஆராய்வார். தகுதியுடையதாயின் ஏற்பார், விளக்கம் சரியில்லையேல் தாமே திருத்துவார், கிளை மாறி வந்ததாயின் உரிய கிளைக்கு அனுப்புவார், தகாததாயின் நீக்குவார். இதற்குக் கட்டணம் இல்லை. இத்தனை நாளுக்குள் முடியும் என்னும் உறுதியும் இல்லை. சில தளங்கள் சின்னாளில் ஏறின. சில ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன.

கிளையைத் தேர்வது எளிய செயலன்று. இரும்பைக் கோயிலைப் பற்றி ஒரு தளம் அமைத்தால், அதனைச் சமயத்தின் கீழ் வைப்பதா, ஊரின் கீழ் வைப்பதா, மொழியின் கீழ் வைப்பதா, கட்டடக்கலையின் கீழ் வைப்பதா? இத்தகைய வினாவை நம் நாட்டவர் ஒருவர் முன்னரே ஆழ்ந்து எண்ணியிருக்கிறார். சீகாழியிற் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதனே அவர். ஒரு நூலுக்குப் பல முகங்கள் உண்டு என்பதை உணர்ந்து, அம்முகங்களைக் கோத்து இடம் குறிக்கும் கோலன் பகுப்பு முறையை அவர் 1933 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தவறான தட்டில் வைத்த நூல் தொலைந்த நூலுக்கு ஒப்பாகும். தவறான கிளையில் வைத்த தளமும் அத்தகையதே.

கிளையினும் அரியது விளக்கம் எழுதுதல். நான் பணியில் இருந்த நாளில், ஒரு வகுப்பு மாணவரிடம் இரும்பைக் கோயிலைப் பற்றி 25 சொற்களுக்குள் எழுதுமாறு கூறினேன். பெரும்பாலோர் ‘உலகப் புகழ் வாய்ந்த’ என்றே தொடங்கினர். ‘ஒப்புயர்வற்ற’ என்றார் ஒருவர். ‘காணக் கண்கோடி வேண்டும்’ என்றார் மற்றொருவர். கோயில் எங்கே உள்ளது என்பதை ஒருவரும் எழுதவில்லை! அவ்வேடுகளைத் திருப்பிக் கொடுத்து, “இப்புகழுரைகளை எந்தக் கோயிலுக்கும் ஒட்டலாம், இரும்பைக்கு மட்டும் உரியதை எழுதுங்கள்” என்றேன். இரண்டாம் முறை ஒரு மாணவி எழுதியது வருமாறு: “வானூர் வட்டம் இரும்பையில் உள்ள சிவன் கோயில். சம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலம். தலவரலாறு, வழிபாட்டு நேரம், செல்லும் வழி ஆகியவை தரப்பட்டுள்ளன.” புகழ்ச்சி ஒன்றும் இல்லை, ஆயினும் படிப்பவர் புறப்பட்டு வந்துவிடலாம். திறந்த அடைவின் ஆசிரியர்கள் வேண்டியதும் இத்தகைய விளக்கத்தையே. தன்னைத்தானே புகழும் சொற்களை அவர்கள் ஈவிரக்கமின்றி வெட்டினர்.

அவ்வடைவில் இடம் பெறுதற்கு மக்கள் அத்துணை ஆவல் கொண்டது எதனால்? கூகுள் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் இவ்வடைவின் செய்தியைக் கொண்டே தன் அடைவை அமைத்தது. 2011 ஆம் ஆண்டு வரை அதனை நடத்தியது. வேறு பல தளங்களும் அவ்வாறே எடுத்தாண்டன. ஆகவே, ஓரிடத்தில் ஏற்கப்பெற்ற சிற்றூர்த் தளம் ஒன்று பல இடங்களில் தோன்றியது. பொருள் செலவழிக்க இயலாதவருக்கு இது பெரும் பேறு.

பேறு உள்ள இடத்தில் போட்டியும் உண்டு. போட்டி உள்ள இடத்தில் ஐயமும் உண்டு. ஒரே தளத்தைப் பல பெயரில் மீண்டும் மீண்டும் அனுப்பியோர் பலர். அக்குவியலில் நேர்மையாளரின் விண்ணப்பமும் புதையுண்டது. ஆசிரியர்கள் மீதும் பழி எழுந்தது. தமக்கு வேண்டியவரை ஏற்று, வேண்டாதவரைத் தடுப்பதாகக் கூறினர். விடை கிடைக்காது காத்திருந்தவர் மனம் கசந்தனர். 2006 ஆம் ஆண்டு அக்டோபரில் கணிப்பொறி பழுதுற்றமையால், அடைவின் திருத்தப்பணி திசம்பர் வரை நின்றுபோயிற்று. இதற்கிடையில் தேடுபொறிகள் வளர்ந்தன. யாகூவின் அடைவு 2014 ஆம் ஆண்டு திசம்பரில் மூடப்பெற்றது. திறந்த அடைவும் 2017 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17 ஆம் நாள் மூடப்பெற்றது. அந்நாளில் அதில் 90 மொழிகளில் 38 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் இருந்தன. தொடக்கம் முதல் அதற்கு உழைத்த ஆசிரியர்கள் 91,000 பேருக்கு மேற்பட்டவர் எனக் கணக்குக் காட்டப்பட்டது.

அவ்வளவு உழைப்பும் வீணாயிற்றா? இல்லை. அடைவு எவரும் படியெடுக்கத்தக்கதாய் இருந்தமையால், பழைய ஆசிரியர் சிலர் அதனைக் கொண்டே கர்லி என்னும் பெயரில் பணியைத் தொடர்ந்தனர். பூட்டி வைக்கப்பெறாத செல்வம், உரியவர் கைவிட்டாலும் பிறர் கையில் வாழ்கிறது.

இவ்வுண்மை தமிழருக்குப் புதியதன்று. தேவார ஏடுகள் தில்லையிலே பூட்டப்பட்ட அறையில் கிடந்து, பெரும்பகுதி செல்லரித்தன என்றும், எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்து வகுத்தார் என்றும் மரபு கூறும். அவ்வாறு எஞ்சிய பதிகங்களால் பாடல் பெற்ற தலங்கள் 274 எனக் கணக்கிடப்பெற்றன. இரும்பை மாகாளம் அப்பட்டியலில் இடம் பெற்றது. சிறிய ஊராயினும் தமிழ் கற்றோர் நெஞ்சில் அது மறையாது நிற்பதற்கு அப்பட்டியலும் ஒரு காரணமன்றோ?

அப்பட்டியலும் அடைத்த கதவாக இருக்கவில்லை. சோழநாட்டுத் திருவிடைவாயில் கோயிற் கல்லிலே பொறிக்கப்பெற்ற சம்பந்தர் பதிகம் ஒன்று 1917 ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. அவ்வூர் 275 ஆம் தலமாக ஏற்கப்பட்டது. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள கிளியனூர், திருக்கிளியன்னவூர் என்னும் பெயரால் பின்னர் 276 ஆம் தலமாகச் சேர்ந்தது. ஒரே சாலையின் அருகில் இரண்டு ஊர்கள்: ஒன்று தொடக்கத்திலேயே பட்டியலில் இருந்தது, மற்றொன்று நெடுங்காலம் காத்திருந்து ஏறியது. ஆரவாரத்தினால் எந்தத் தலமும் ஏறியதில்லை. பதிகம் என்னும் சான்றே அவற்றை ஏற்றியது.

அடைவுகளின் காலம் பெரும்பாலும் கழிந்தது. ஆயினும் அவற்றின் ஒழுங்கு கழியவில்லை. 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர் பலர் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகின்றனர். 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஊதியமின்றி எழுதுவோரும் திருத்துவோரும் உளர். அங்கும் தற்புகழ்ச்சிக்கு இடமில்லை, சான்றுக்கு இடமுண்டு.

மாணவர்களே, உங்கள் ஊருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை 25 சொற்களில் எழுதிப் பாருங்கள். எங்கே உள்ளது, யாது சிறப்பு, சான்று யாது என்பவற்றை மட்டும் எழுதுங்கள். எழுதியதை ஒரு படியோடு நிறுத்தாது, பலர் கையிலும் கொடுங்கள். முகமறியாத ஒருவர் ஊதியமின்றித் தம் நேரத்தைச் செலவிட்டு உங்கள் வரியைப் படிக்கிறார் என்பதை மறவாதீர். அவர் நேரத்தை மதித்து எழுதுபவரின் சொல், காலம் தாழ்ந்தேனும், தன் இடத்தைப் பெறும்.