சுண்ணாம்பு வீடும் டெல்லி வாசலும்

இராமநாதபுரம் - இராமேஸ்வரம் கரையில் 'பழைய கட்டிடம்' என்றால் நம் வரலாற்றெழுத்தில் இரண்டுதான் தட்டுப்படும். ஒன்று கோயில், இன்னொன்று அரண்மனை. ஒரு வீடு வரலாற்றுக்குள் நுழைய வேண்டுமென்றால் பெரிய மனிதர் யாராவது அதில் பிறந்திருக்க வேண்டும். இராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் இருக்கும் அப்துல் கலாமின் பூர்வீக வீடு அப்படித்தான் உள்ளே வந்தது. வந்தது வீடா, வெறும் பெயரா என்பதே இங்கு நம் கேள்வி.

1999-இல் வெளியான 'அக்னிச் சிறகுகள்' நூலில் இந்த வீட்டைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது; சுண்ணாம்புக்கல்லும் செங்கல்லும் கொண்ட கெட்டியான, ஓரளவு பெரிய வீடு. பத்து நிமிட நடைதூரத்தில் சிவன் கோயில். தந்தை மரக்கலம் கட்டி யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போனார். சீதாராமர் கல்யாணத்துக்குக் குளத்தின் நடுவே சுவாமியைக் கொண்டுபோக இந்தக் குடும்பம்தான் படகுகளை ஏற்பாடு செய்தது. மதநல்லிணக்கம் என்ற ஒற்றைச் சொல்லில் இதையெல்லாம் அடைத்துவிடுவது சுலபம். ஆனால் அந்த நல்லிணக்கத்துக்கு அடியில் ஒரு தொழில் உறவு இருந்தது. கோயிலுக்கு வந்த கூட்டம் படகுக்குக் கூலி கொடுத்தது. படகுக்காரரின் வீடு அந்த வருமானத்தில் நின்றது. 1914-இல் பாம்பன் ரயில்பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதற்குப் பிறகும் படகுக்கு இடமிருந்தது. ஆக, தெருவை விட்டு, கடலை விட்டு, கோயிலை விட்டு இந்த வீட்டைத் தனியாகப் பிரித்துப் படிக்க முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்தக் கரையில் சுண்ணாம்பு கடலிலிருந்துதான் வந்தது: கிளிஞ்சல், சிப்பி, பவளப்பாறை. மீனவர்கள் 'பார்' என்று சொல்கிற கடலடிப் பாறையை வெட்டி எடுத்து, கல்லாகவும் வைத்தார்கள், சுட்டுச் சுண்ணாம்பாகவும் ஆக்கினார்கள். தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிந்த சுவரில் அந்தக் கல்லின் துளைகளை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அதற்குப் பவளக்கல் எடுத்ததும் ஒரு காரணம். 1986-இல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அது சரியான காரியம்தான். ஆனால் இதன் இன்னொரு பக்கம், பவளக்கல்லில் எழுந்த பழைய சுவரை அதே பொருளால் இனி பழுதுபார்க்க முடியாது. ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று கைவிட்டுப் போகிறது. பாதுகாப்பு பற்றிய நம் சொல்லாடலில் இந்த முரண் பேசப்படுவதே இல்லை.

பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்று இந்த மாவட்டத்தில் காட்டப்படுவது இராமநாதபுரம் இராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி கட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிய சுவரோவியங்களில் சேதுபதி தர்பாரில் இருக்கிறார், ஐரோப்பியரை வரவேற்கிறார், தஞ்சை மராத்தியரோடு போரிடுகிறார், அந்தப்புரத்திலும் இருக்கிறார். மாநிலத் தொல்லியல் துறை இதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அரண்மனைக்கு ஒரு வசதி உண்டு: அரசு போனபின் தர்பார் மண்டபத்தில் யாரும் குடியிருக்க வேண்டியதில்லை. காலியானதைக் காப்பது எளிது. குடியிருக்கும் வீடு அப்படியா? பிள்ளைகள் பெருகுவார்கள், அறை வேண்டும், கழிப்பறை வேண்டும், மாடி வேண்டும். பள்ளிவாசல் தெரு வீட்டுக்கும் அதுதான் நடந்தது. மேலே மாடிகள் எழுந்தன, முகப்பு மாறியது, மாடியில் கலாம் காட்சியகம் வந்தது. 'இதுவா அந்தப் பழைய வீடு?'ன்னு கேட்பவர்கள் உண்டு. தப்பு குடும்பத்தின் மேல் இல்லை. வாழ்கிற வீட்டை எப்படிக் காப்பது என்பதற்கு நம்மிடம் ஒரு கருத்தும் இல்லாததுதான் தப்பு. நூறாண்டு கடந்த கட்டிடம் நினைவுச்சின்னம் ஆகலாம் என்கிறது 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். வயது இந்த வீட்டுக்கும் இருந்தது. வயதை வைத்து யாரும் அதைப் பார்க்கவில்லை.

கலாம் 2015 ஜூலை 27-இல் இறந்தார். சரியாக இரண்டாண்டு கழித்து, பேய்க்கரும்பில் அவர் அடக்கமான இடத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் கட்டிய நினைவகத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அதன் முன்வாசல் டெல்லி இந்தியா கேட் சாயலில் இருக்கிறது. பின்பக்கம் ராஷ்டிரபதி பவன் சாயல். இராமேஸ்வரம் தீவில் டெல்லியை நட்டுவைத்தார்கள். பள்ளிவாசல் தெரு வீட்டின் சாயலுக்கு அந்த வாசலில் இடமில்லை. உள்ளே வீணை வாசிக்கும் சிலையும் அருகில் கீதையும் வைக்கப்பட்டபோது சர்ச்சை எழுந்தது. உறவினர்கள் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார்கள். எந்த நூல் பக்கத்தில் இருக்கலாம் என்று ஊரே சண்டை போட்டது. அந்த மனிதரின் தகப்பனார் எந்தக் கடலில் படகு ஓட்டினார், எந்தக் கல்லில் சுவர் எழுப்பிய வீட்டில் குடியிருந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. மரைக்காயர்களின் கடல் வரலாறு தேசத்தின் கதையாடலுக்குள் போகும்போது கழன்று விழுந்தது இந்தப் பகுதிதான்.

அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க என்றால், பதில் ஒன்றும் பெரிதல்ல. பள்ளிவாசல் தெருவிலும் கீழக்கரையிலும் பாம்பனிலும் இன்னும் நிற்கும் பழைய வீடுகளை அளந்து வரைபடம் எடுக்கலாம். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இருக்கும்வரை அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். பழைய பத்திரங்களைப் படியெடுக்கலாம். இடிக்க வேண்டியவர் இடிக்கட்டும்; அதற்கு முன்னால் ஒரு படமாவது இருக்கட்டும். இதற்குப் பெரிய மனிதர் யாரும் அந்த வீட்டில் பிறந்திருக்கத் தேவையில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது தேவாலயமும் ரயில் நிலையமும் இடிபாடாகவாவது மிஞ்சின. அங்கே குடியிருந்தவர்களின் வீடுகளுக்கு அந்த அடையாளமும் இல்லை. மற்ற ஊர்களில் அந்த வேலையைச் செய்யப் புயல் வரவேண்டியதில்லை, சிமெண்டு போதும்.