மூன்று மாதக் காத்திருப்பு

போன மாத நிகழ்ச்சியில் கதைத்ததை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். இது கனடாவின் மருத்துவக் காப்புறுதியின் வரலாறு. எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் இதற்குள் இருக்கிறது.

2001 ஜனவரியில் அம்மா ஸ்பொன்சரில் வந்து சேர்ந்தார். மூன்றாம் கிழமை, ஸ்காபரோவில் பஸ் தரிப்பிடத்தில் பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வைத்தியசாலையில் கேட்ட முதற் கேள்வி, "ஹெல்த் காட் இருக்கிறதா?" இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் ஒன்ராறியோவின் ஓஹிப் காப்புறுதி. பில் வந்தபோது அம்மா சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "தம்பி, அங்கை பெரியாஸ்பத்திரியிலை ஒரு சதமும் கேக்கமாட்டினம். இது பணக்கார நாடெண்டு சொன்னியள்."

அம்மாவின் கேள்வி நியாயமானது. கனடாவிலும் எல்லோருக்கும் வைத்தியம் என்பது தானாக வந்ததல்ல. அதன் தந்தை என்று சொல்லப்படும் ரொமி டக்ளஸ் 1904இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, எங்கள் பிள்ளைகளைப்போல் சிறுவயதில் குடிபெயர்ந்து வந்தவர். எலும்பு நோயால் அவருடைய கால் ஒன்றை வெட்டவேண்டிய நிலை. குடும்பத்திடம் காசில்லை. தன் மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இலவசமாகச் செய்ததால் கால் தப்பியது. ஒரு பிள்ளையின் கால் அதிர்ஷ்டத்தில் தங்கியிருக்கக்கூடாது என்ற எண்ணம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

அவர் முதல்வராக இருந்த சஸ்காச்சுவானில் 1947இல் வைத்தியசாலைக் காப்புறுதி வந்தது. 1962 ஜூலை 1ஆம் திகதி வைத்தியர் கட்டணத்துக்கும் காப்புறுதி தொடங்கியபோது வைத்தியர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பிரித்தானியாவிலிருந்து வைத்தியர்களை வரவழைத்துச் சமாளித்தது. 1966இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது; ஒன்ராறியோ 1969 ஒக்ரோபரில் சேர்ந்தது. அப்போதும் இங்கே மாதக் கட்டணம் இருந்தது. 1990இல்தான் அது நீங்கியது. நான் வந்த காலத்தில் சிவப்பு வெள்ளை அட்டை ஒன்றே போதும்.

பிறகு ஏன் அம்மாவுக்கு இல்லை? 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் எல்லோருக்கும் காப்புறுதி என்று சொன்னாலும், புதிதாகக் குடியேறுவோரை மூன்று மாதம்வரை காக்கவைக்க மாகாணங்களுக்கு இடம் விட்டிருந்தது. செலவைக் குறைக்க வழிதேடிய ஒன்ராறியோ 1994இல் அந்த இடத்தைப் பயன்படுத்தியது. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு விலக்கு இருந்தது. ஸ்பொன்சரில் வந்த அம்மா அப்பாமாருக்கு இருக்கவில்லை. தனியார் காப்புறுதி என்றால், வந்திறங்கிய சில நாட்களுக்குள் வாங்கவேண்டும். ஏற்கெனவே இருந்த வருத்தங்களை அது பெரும்பாலும் பொறுப்பேற்காது.

எங்களுக்கு நடந்ததில் பெரிது அந்த பில் அல்ல. அதைக் கண்டபிறகு அம்மா வாய் திறக்கவில்லை. பெப்ரவரியில் நெஞ்சு நொந்திருக்கிறது. "வாய்வு" என்று இஞ்சித் தண்ணி குடித்திருக்கிறார். ஏப்ரலில் காட் வந்தபின் சோதித்த வைத்தியர், சிறிய மாரடைப்பு ஒன்று வந்துபோயிருக்கிறது என்றார். காப்புறுதி இல்லாதவர் செலவுக்குப் பயந்து வைத்தியரிடம் போகாமல் இருப்பார், வருத்தமோ காத்திருக்காது. அரசு மிச்சம்பிடித்த காசு பிறகு அவசர சிகிச்சைப் பிரிவில் செலவாகும்.

அகதிக் கோரிக்கையாளர்களுக்கு வேறு பாதை. 1957ஆம் ஆண்டின் ஆணை ஒன்றில் வேர்கொண்ட மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் அவர்களைப் பார்த்தது. 2012 ஜூன் 30ஆம் திகதி அது வெட்டப்பட்டது. எங்கள் நாட்டிலிருந்து வந்த கோரிக்கையாளர்களுக்கு வைத்தியரைப் பார்க்கலாம், ஆனால் வழமையான மருந்துக்குக் காசில்லை. நீரிழிவுக்காரர் இன்சுலினுக்கு எங்கே போவார்? கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்கு, மற்றவர்களுக்கு ஆபத்தாகக்கூடிய நோய் என்றால் மட்டுமே உதவி. ரொறன்ரோவின் பிலிப் பேர்கர், மெப் ரஷீட் போன்ற வைத்தியர்கள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றமும் போனார்கள். 2014 ஜூலை 4ஆம் திகதி சமஷ்டி நீதிமன்ற நீதிபதி ஆன் மக்ராவிஷ், இந்த வெட்டு அரசியலமைப்பு தடைசெய்யும் கொடூரமான நடத்துகை என்று தீர்ப்பளித்தார். 2016 ஏப்ரலில் திட்டம் பழைய நிலைக்கு வந்தது. 1962இல் காப்புறுதிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தவர்களும் வைத்தியர்கள்தான், ஐம்பது வருடம் கழித்து அதற்காகத் தெருவுக்கு வந்தவர்களும் வைத்தியர்கள்தான்.

மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில், கொவிட் வந்தபோது, நீக்கப்பட்டது. வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காதது சில நாட்களில் கிடைத்தது. ஒருவரின் காய்ச்சல் ஊருக்கே காய்ச்சல் என்பது அப்போதுதான் விளங்கியது. அதே நேரத்தில், எந்த அட்டையும் இல்லாதவர்களுக்கும் வைத்தியசாலைச் செலவை மாகாணம் ஏற்றது. அந்த ஏற்பாடு 2023 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டது. ஆக, புதிதாக வந்தவருக்குக் கதவு திறந்தது. விசா முடிந்தவருக்கும் பேப்பர் இல்லாதவருக்கும் திரும்பச் சாத்தப்பட்டது.

அப்படிப்பட்டவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். சிலவேளை உங்கள் பேஸ்மென்ற்றிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: சமூக சுகாதார நிலையங்கள் காப்புறுதி இல்லாதவர்களையும் பார்க்கும். 2000ஆம் ஆண்டையொட்டி வைத்தியர் போல் கோல்போர்ட் போன்றவர்கள் ஸ்காபரோவில் தொடங்கிய தொண்டர் மருத்துவமனை இவர்களுக்காகவே உருவானது. வருத்தம் முற்றியபின் அல்ல, முதலே விசாரித்து வையுங்கள்.

அம்மா அதற்குப்பிறகு பதினொரு வருடம் எங்களோடு இருந்தார். அந்தக் காட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பார். "இதென்ன தாலிக்கொடியா?" என்று பேத்தி பகிடி பண்ணுவாள். அம்மா சிரிப்பார், முடிச்சை மட்டும் அவிழ்க்கமாட்டார்.