மூன்று அச்சுகளில் ஒரு துறைமுகம்

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் திரளும் அடியார்களுக்குத் துறைமுகம் அயலிடம் அன்று. அங்கே நிற்கும் இராட்சதப் பாரந்தூக்கிகளும் அவர்களுக்குப் பழகிய காட்சியே. ஆனால், தொழிற்சாலைகளில் இன்று பேசப்படும் 'தெக்காட்டு ரோபோ'வின் மூத்த உறவினர் அவைதாம் என்பதைப் பலர் அறியார்.

1637இல் பிரெஞ்சு அறிஞர் ரெனே தெக்காட் வெளியிட்ட வடிவகணித நூலிலிருந்து வளர்ந்ததே ஆள்கூற்று முறை. தமிழகத்தார் அதனை ஆயத்தொலைவு என்பர். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளில் மூன்று எண்களைத் தந்தால் வெளியில் எந்தப் புள்ளியையும் குறித்துவிடலாம். துறைமேடைப் பாரந்தூக்கி செய்வதும் அதுவே. கரையோரத் தண்டவாளத்தில் நகர்வது முதல் அச்சு. மேற்சட்டத்தில் கப்பலை நோக்கி ஓடும் தள்ளுவண்டி இரண்டாவது. கொள்கலனை ஏற்றி இறக்கும் வடம் மூன்றாவது. மேலே ஓட்டுநர் அமர்ந்திருக்கும்வரை அது பாரந்தூக்கி. அவர் இடத்தைக் கணினியும் உணரிகளும் ஏற்றால் அது ரோபோ.

இரும்பு வருமுன் இந்த வேலையை மனிதத் தோள்கள் செய்தன. கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட, சரக்கு படகுகளில் கரை சேர்ந்தது. தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் மூட்டை சுமந்தனர். 1927இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த துறைமுக வேலைநிறுத்தம் அந்தத் தோள்களின் வலிமையை அரசுக்கு உணர்த்தியது. 1956இல் அமெரிக்காவில் மல்கம் மக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் கொள்கலன்களுடன் புறப்பட்டபோது, மூட்டை சுமப்போரின் காலம் உலகெங்கும் முடியத் தொடங்கியது. கொழும்பில் 1980களில் ஜய கொள்கலன் முனையம் எழுந்தது.

தொழிற்சாலைக்குள் பாகங்களைப் பொருத்தும் வேலைக்கு இதே மூன்றச்சு அமைப்பை 1975இல் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் 'சிக்மா' ரோபோவில் பயன்படுத்தியது. 1993இல் ரொட்டர்டாம் துறைமுகத்தின் டெல்டா முனையத்தில், ஓட்டுநரில்லாப் பாரந்தூக்கிகள் கொள்கலன்களை அடுக்கத் தொடங்கின.

மனிதக் கைபோல் வளையும் ரோபோ இருக்க, நேர்கோட்டில் நகரும் இதை ஏன் தேர வேண்டும்? கை நீள நீளப் பாரத்தின் இழுப்பு கூடும். அது எட்டும் பரப்போ வட்டமானது. அடுக்குமிடம் பெரும்பாலும் நீள்சதுரம். மூலை முடுக்கெல்லாம் சட்டத்துக்கு எட்டும், தண்டவாளத்தை நீட்டினால் எல்லையும் நீளும். ஆனால், வேலைப்பரப்பை விடப் பெரிய சட்டம் வேண்டும். பொருளின் பின்புறமாக வளைந்து சென்று வேலை செய்ய அதனால் இயலாது.

தேயிலைப் பெட்டி அடுக்கும் ஒரு தொழிற்சாலையும் இதே கணக்கைத்தான் போட வேண்டும். முதலில் எடை: பெட்டியுடன் பிடிகருவியின் எடையையும் கூட்டவேண்டும். அடுத்து தூரமும் வேகமும்: நீண்ட, விரைவான ஓட்டத்துக்குப் பல்லுள்ள வார்ப்பட்டை, குறுகிய, நுட்பமான நகர்வுக்குக் குண்டுகள் உருளும் திருகுத்தண்டு, நீளமும் பாரமும் சேர்ந்தால் பற்சட்டமும் பற்சில்லும் பொருந்தும். மூன்றாவது, அதே புள்ளிக்கு எத்தனை முறையும் பிசகாமல் திரும்பும் திறன். நான்காவது சூழல்: கடலோர உப்புக்காற்றும் தூசியும் வழித்தண்டுகளைத் தின்றுவிடும். நிலைக்குத்து அச்சில் தடுப்பு கட்டாயம்; இல்லையேல் மின்சாரம் நின்ற கணத்தில் பாரம் கீழே விழும்.

ஐந்தாவது கேள்வி ஒன்றுண்டு. விலைப்பட்டியல்களில் அது இராது. 2025 ஏப்ரலில் கொழும்பு மேற்கு சர்வதேச முனையம் இயங்கத் தொடங்கியபோது, நாட்டின் முதலாவது முழுத் தன்னியக்க முனையம் என அது அறிமுகமானது. அத்தகைய முனையங்களில் ஓட்டுநர் உயரத்துக் கூண்டிலிருந்து இறங்கிக் கட்டுப்பாட்டு அறைத் திரைமுன் அமர்கிறார். ஒருவர் பல பாரந்தூக்கிகளைக் கவனிக்கிறார். ஆபத்தும் முதுகுவலியும் குறைகின்றன, ஆட்களும் குறைகின்றனர்.

கூண்டில் இருந்தவருக்குத் திரையைக் கையாளப் பயிற்சி கிடைக்குமா, அந்த அறையில் அவர் பிள்ளைக்கு இடமிருக்குமா? இயந்திரம் வந்திறங்கிய பிறகே இதைக் கேட்பது நமது வழக்கம். எடையையும் தூரத்தையும் கணக்கிடும் அதே தாளில், அதே நாளில், இதையும் எழுதிவைப்பதே முறை. மூட்டை சுமந்தவர்களுக்காக அப்படி எவரும் எழுதிவைக்கவில்லை.