மாந்தீவும் ஞாயிற்றின் ஒளியும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் ஞாயிற்றை வைத்து எழுந்தவை. கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. கதிரவன் எழுவதையும் படுவதையும் கொண்டு ஊரை வகுத்த மக்கள் வாழும் இந்நாட்டிலே, வாவியின் நடுவே, நகரத்திற்கு அண்மையில், மாந்தீவு என்றொரு சிறு தீவும் உண்டு. சென்ற நூற்றாண்டில் அப்பெயரைச் சொல்லும்போது பலருடைய குரல் தாழ்ந்தது. தொழுநோயாளரைப் பிரித்து வைக்கும் வைத்தியசாலை அங்கேதான் இருந்தது.

இலங்கையில் இவ்வழக்கம் பழையது. ஒல்லாந்தர் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் 1708ஆம் ஆண்டிலே தொழுநோயாளர் இல்லத்தை நிறுவினர். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1901ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நோயுற்றோரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க அதிகாரம் அளித்தது. 1920ஆம் ஆண்டையொட்டி மாந்தீவு வைத்தியசாலை எழுந்தது. தீவைச் சூழ்ந்த நீரே அதற்கு மதிலாயிற்று. தோணியேறி அங்குச் சென்றவர், வீட்டையும் வயலையும் சுற்றத்தையும் கரையிலே விட்டுச் சென்றார்.

ஒருவருடைய தோலிலே தோன்றும் குறிக்கு என்ன பெயர் இடுகிறோம் என்பது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய வினா அன்று என்பதை இதனால் உணரலாம். அந்தப் பெயரைப் பொறுத்தே அவர் வீட்டில் இருப்பதும் தீவில் இருப்பதும் அமைந்தன. இவ்வகையிலே நெடுங்காலம் பெயர் மயக்கத்திற்கு உள்ளான நோய் ஒன்றுண்டு. அதுவே சொரியாசிஸ். நம் சித்த வைத்தியர்கள் அதனைக் காளாஞ்சகப்படை என்பர். முழங்கை, முழங்கால், தலை, முதுகு ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்து, மேலே வெள்ளி போன்ற செதிள்கள் அடுக்கடுக்காய்ப் படிந்து உதிரும். மீனுக்குச் செதிள் சீவுவதை நாள்தோறும் காணும் வாவிக்கரை மக்களுக்கு அந்தத் தோற்றத்தை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இந்நோய்க்குக் கிருமி காரணமன்று, தொட்டால் ஒட்டாது. உடலின் காப்புப் படையாகிய வெள்ளணுக்களுட் சில, தவறான கட்டளையால் தோலைத் தூண்டிவிடுகின்றன. இயல்பாக ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய தோலணுக்கள், சில நாள்களிலேயே மேலெழுந்து குவிகின்றன. தொழுநோயோ ஒருவகைக் கிருமியால் வருவது. நரம்பைத் தாக்கி உணர்ச்சியைக் கெடுப்பது. சொரியாசிஸ் படையில் உணர்ச்சி கெடுவதில்லை. பெரும்பாலும் அரிப்பு உண்டு.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் மயக்கம் எவ்வாறு நேர்ந்தது? கிரேக்கர் செதிள் உதிரும் தோல் நோய்களை ‘லெப்ரா’ என்று அழைத்தனர். பிற்காலத்தில் அதே சொல் தொழுநோய்க்கும் பெயராகிவிட்டது. இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோயாளர் என்று ஒதுக்கப்பட்டவருள் சொரியாசிஸ் உற்றவரும் இருந்திருப்பர் என்பது மருத்துவ வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. லண்டனில் 1808ஆம் ஆண்டிலே தோல் நோய்களை வகைப்படுத்தி நூல் வெளியிட்ட ராபர்ட் வில்லன் என்பாரும், இந்நோயின் ஒரு வகைக்கு ‘லெப்ரா’ என்ற பெயரையே வைத்துக்கொண்டார். 1841இல் வியன்னாவைச் சேர்ந்த ஹெப்ரா அந்தப் பெயரை அகற்றி, சொரியாசிஸ் தனி நோய் எனத் தெளிவுபடுத்தினார். 1873இல் நோர்வே நாட்டு ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டபின் ஐயத்துக்கே இடமில்லாது போயிற்று. ஆயினும் நூலில் தீர்ந்த ஐயம் ஊரில் உடனே தீர்வதில்லை. நிறம் மட்டும் இழக்கும் தோலை நாமும் ‘வெண்குட்டம்’ என்றுதானே இன்றும் சொல்கிறோம்? அதுவும் குட்டநோய் அன்று.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். வெயிலிலே இருந்தால் இப்படை தணிவதைப் பலர் தம் அனுபவத்தில் கண்டிருந்தனர். ஆனால், ஒளியை முறையான மருந்தாக்கியவர் நீல்ஸ் பின்சன். 1860இல் பேரோ தீவுகளிலே பிறந்த இவர், நோயுற்ற உடலோடு கோப்பன்ஹேகனில் ஆராய்ந்து, மின்வில் விளக்கின் ஒளியால் தோலைப் பற்றும் காசநோயைக் குணமாக்கினார். 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். 1925இல், மாந்தீவுக்கு நோயாளர் தோணியேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்துக் கோக்கர்மன், நிலக்கரித் தாரைப் பூசி, அதன்மேல் புறஊதாக் கதிரைச் செலுத்திச் சொரியாசிஸைத் தணிக்கும் முறையை வெளியிட்டார்.

அடுத்த படிக்கு வித்திட்டவை கீழைநாட்டு மூலிகைகள். நம் வைத்தியர்கள் வெண்குட்டத்துக்குப் பயன்படுத்திய கார்போகரிசியும், நைல் நதிப் பள்ளத்தாக்கில் வளரும் ஒரு செடியும், தோலை ஒளிக்குக் கூருணர்வு உடையதாக்கும் சோராலென் என்ற பொருளைக் கொண்டவை. எகிப்தியரான எல் மோப்தி 1940களில் அந்தச் செடியின் சத்தை வெண்குட்ட நோயாளரிடம் சோதித்தார். 1974இல் அமெரிக்காவில் பாரிஷ், பிட்ஸ்பற்றிக் ஆகியோரும், இந்தியாவிற் பிறந்த பாதக்கும், தனன்பாமும் சேர்ந்து, சோராலென் மருந்தை உண்ணச் செய்து, நீண்ட அலைப் புறஊதாக் கதிரை உடலில் பாய்ச்சிச் சொரியாசிஸ் தணிவதைக் காட்டினர். நற்பயனோடு தீங்கும் தொடர்ந்தது. பலமுறை இவ்வாறு ஒளி பெற்றோரிடையே தோற்புற்று மிகுவது பின்வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

ஆகவே, தீங்கு குறைந்த கதிரைத் தேடினர். 1981இல் பாரிஷும் ஜெனிக்கியும் எந்த அலைநீளம் படையைத் தணிக்கிறது என்று அளந்தனர். அதன்பின் 311 நனோமீற்றர் அலைநீளத்தை ஒட்டிய கதிரை மட்டும் பெரும்பாலும் வெளியிடும் விளக்குகள் 1980களில் ஒல்லாந்தில் உருவாயின. அக்கதிர் தோலில் குழப்பம் செய்யும் வெள்ளணுக்களை அழித்து, மிகுவிரைவில் பெருகும் தோலணுக்களை அடக்குகிறது. மருந்து உண்ண வேண்டியதில்லை. கிழமைக்கு இரண்டு மூன்று முறையாகச் சில மாதங்கள் இவ்வொளியைப் பெறுதல் இன்று உலகெங்கும் வழங்கும் முறையாகும். நோய் அடியோடு நீங்குவதில்லை. எனினும் பலருக்குப் படை மறைந்து, நீண்ட இடைவெளி கிடைக்கிறது.

நேயர்களே, மட்டக்களப்பில் வெயிலுக்கா பஞ்சம், அதிலே கிடந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. நமக்கு நேர் மேலே ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர்த் தொடக்கத்தையொட்டியும் நிற்கும் ஞாயிறு, வேண்டிய கதிரையும் வேண்டாத கதிரையும் அளவின்றிச் சொரிகிறது. வெந்த தோலிலே புதிய படை எழுவதுண்டு. காயம்பட்ட இடத்தில் இந்நோய் தோன்றும் இயல்பை ஜெர்மானியரான கோப்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். வெயிலால் நோய் மிகுவோரும் சிலர் உளர். கதிரவனிடமிருந்து கற்றதை அளந்து கொடுப்பதுதான் விளக்கின் சிறப்பு.

நம் மரபிலும் ஒளி மருந்தோடு சேர்ந்தே இருந்தது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டுப் பல நாள் வெயிலில் வைப்பர். எண்ணெய் ஊதா நிறம் பெறும். அந்தத் தைலத்தைச் சித்த வைத்தியர்கள் இப்படைக்குப் பூசுகின்றனர். இங்கே ஞாயிறு காய்வது எண்ணெயில். அங்கே விளக்கு காய்வது உடலில். இரண்டையும் தகுந்த வைத்தியரின் மேற்பார்வையிலே பெறுவது நலம்.

தொழுநோய்க்கும் மருந்து வந்துவிட்டது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1983இல் இலங்கையில் தொடங்கியது. அதனை உட்கொள்பவர் பிறருக்கு நோயைப் பரப்புவதில்லை. தீவிலே வைக்க வேண்டிய தேவையும் இல்லை. சொரியாசிஸ் தொற்றாத கடும் நோய் என்றும், அதனை உற்றோரை ஒதுக்குதல் தகாது என்றும் உலக சுகாதாரப் பேரவை 2014இல் தீர்மானித்தது.

ஆயினும் படுவான்கரையிலே ஒரு பெண் தன் முழங்கைப் படையை மறைக்க நீண்ட சட்டை அணிந்து, கலியாண வீட்டுப் பந்தியைத் தவிர்ப்பாளாயின், அவளளவில் மாந்தீவு இன்னும் மூடப்படவில்லை. கிழமைக்கு மூன்று முறை விளக்கொளிக்காக நகரம் சென்று வர அவளுக்குப் பொருளும் பொழுதும் வேண்டும், துணையும் வேண்டும். ஊரார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அவள் அருகே அமர்ந்து ஒரே பந்தியில் உண்பது. அதற்கு விளக்கும் வேண்டியதில்லை, வைத்தியரும் வேண்டியதில்லை.