வென்றவன் மூதாதையான கதை: சோழர்–ஸ்ரீவிஜயப் போரும் ஜோகூர் ஏடும்

முன்னுரை

முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கி.பி. 1025இல் ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கியது. தமிழர்களாகிய நாம் அந்தப் போரைப் பெரும்பாலும் தஞ்சைக் கல்வெட்டின் வழியாகவே அறிந்திருக்கிறோம். ஆனால் 587 ஆண்டுகள் கழித்து, 1612இல், அந்தப் போரின் மங்கிய நினைவு மலாய்மொழியில் இன்னொரு முறை ஏடேறியது. ஏடேறிய இடம் ஜோகூர் ஆற்றங்கரை. ஏடு 'செஜாரா மெலாயு'. கல்வெட்டில் வெற்றிப் பட்டியலாக இருந்தது, ஜோகூர் ஏட்டில் வம்சக் கதையாக மாறியிருக்கிறது. இந்த மாற்றம் ஏன் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

நட்பிலிருந்து போருக்கு

சுமத்ராவின் பலெம்பாங்கில் கால்கொண்ட ஸ்ரீவிஜயம் ஏழாம் நூற்றாண்டு முதல் மலாக்கா நீரிணையைத் தன் பிடியில் வைத்திருந்தது. இந்தியக் கரைக்கும் சீனத்துக்கும் இடையே ஓடிய கப்பல்கள் பெரும்பாலும் அந்த வாசலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

சோழர்கள் தொடக்கத்தில் இப்பேரரசின் நண்பர்கள். இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினான். அந்தப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் பள்ளிச்சந்தமாகக் கொடுக்கப்பட்டதை லெய்டன் பெரிய செப்பேடு விரிவாகச் சொல்கிறது. அந்தக் கொடை நிகழ்ந்து இருபது ஆண்டுகளுக்குள் போர் வந்தது. காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் 1015இலேயே சோழத் தூதர்கள் சீனத்துச் சோங் அரசவையை அடைந்திருந்ததைக் கருதினால், நீரிணையின் வணிகத்துக்கான போட்டியே வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

கல் சொல்வது

தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அலைகடலில் பல கலங்கள் செலுத்தப்பட்டதையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், வித்தியாதர தோரணம் கவரப்பட்டதையும் கூறுகிறது. பின்னர் ஊர்களை அடுக்குகிறது. பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம், இறுதியில் கடாரம். மலையூர் இன்றைய ஜம்பிப் பகுதி, இலாமுரி ஆச்சே முனை, மானக்கவாரம் நிக்கோபார், கடாரம் கெடா எனப் பொதுவாக அடையாளம் காணப்படுகின்றன. ஜோகூர் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஊர் இப்பட்டியலில் இல்லை.

வென்ற நிலங்களைச் சோழர் தம் மண்டலமாக்கி ஆளவில்லை. வீரராசேந்திரனின் கல்வெட்டு ஒன்று, தன்னிடம் அடைக்கலம் வந்த அரசனுக்காகக் கடாரத்தை வென்று திருப்பித் தந்ததாகச் சொல்கிறது. நிலைத்துப் பெருகியது வணிகமே. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கப்பல்களிடமிருந்து தாங்கள் பெறவேண்டிய பொன்னை வகுத்திருக்கிறார்கள். இரண்டே ஆண்டுகளில், 1090இல், கடாரத்துத் தூதர்களின் வேண்டுகோளை ஏற்று, முதலாம் குலோத்துங்கன் நாகப்பட்டினத்துப் பள்ளியின் ஊர்களுக்கு வரிவிலக்களித்தான். போர் உறவை அறுத்துவிடவில்லை.

ஏடு சொல்வது

மலாய் ஏட்டில் வரும் படையெடுப்பாளன் கெலிங் நாட்டு, அதாவது தென்னிந்திய, அரசன். படிக்குப் படி அவன் பெயர் சூரன் என்றும் சூலன் என்றும் மாறுகிறது. 'சோழன்' என்ற பெயரே இப்படித் திரிந்தது எனப் பலரும் கருதுகின்றனர். அவன் பேராக்கிலிருந்த கங்கா நகரத்தை வீழ்த்திவிட்டு, ஜோகூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கங்காயுவை நோக்கி வருகிறான். கங்காயுவின் கோட்டை கருங்கல்லால் ஆனது. அது இன்னமும் அங்கே இருக்கிறது என்று ஏடு கூறுகிறது. ஊரின் அரசன் போரில் மடிகிறான். அவன் மகள் ஓனாங் கியூவை வென்றவன் மணக்கிறான்.

அந்த வழியில் பிறந்த ராஜா சூலான் சீனத்தையும் வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக் (இன்றைய சிங்கப்பூர்) வரை வருகிறான். செய்தி அறிந்த சீனப் பேரரசர் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்து நிற்கும் இலந்தை மரங்களையும், பல் விழுந்த கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். புறப்பட்டபோது தாங்கள் சிறுவர்கள் என்கிறார்கள் அந்தக் கிழவர்கள். இந்த ஊசிகள் அப்போது கைப்பருமன் இரும்புத் தடிகள். இந்த மரங்கள் அப்போது விதைகள். சீனம் அவ்வளவு தொலைவு என்று நம்பி அரசன் திரும்பிவிடுகிறான். பின்னர் அவன் கடலடி நாட்டுக்கு இறங்கி அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். அவன் வழித்தோன்றல்களே பலெம்பாங்கின் செகுந்தாங் குன்றில் தோன்றி மலாய் அரச மரபைத் தொடங்குகிறார்கள்.

இங்கேதான் நாம் நிற்க வேண்டும். பலெம்பாங் ஸ்ரீவிஜயத்தின் பழைய தலைநகர். அதைச் சூறையாடியவனின் பெயரைத் தாங்கியவனே அந்த மண்ணில் எழுந்த அரசர்களுக்கு முப்பாட்டனாகிவிட்டான்.

ஏன் இப்படி எழுதினார்கள்?

விடை 1612இன் ஜோகூரில் இருக்கிறது. 1511இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியர் கைப்பற்றினர். ஊரிழந்த அரசகுலம் ஜோகூரில் புது அரசை நிறுவியது. 1587இல் போர்த்துக்கீசியர் ஜோகூர் லாமாவையும் அழித்தனர். அரசவை ஆற்றின் மேலே பத்து சாவாருக்கு நகர்ந்தது. மறுபுறம் ஆச்சே ஓயாமல் நெருக்கியது. அந்தச் சூழலில்தான் ராஜா அப்துல்லாவின் ஆணைப்படி, பெண்டஹாரா (தலைமை அமைச்சர்) துன் ஸ்ரீ லானாங் ஏட்டைத் தொகுத்தார் என்பது மரபு.

மீண்டும் மீண்டும் ஊரிழந்தவர்களுக்குக் கோட்டையை நம்பிப் பெருமை பேச வழியில்லை. யார் வென்றாலும் அறுந்துபோகாத ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. அது வம்சம். படையெடுத்தவனையே குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்டால் தோல்வியும் வம்சத்தின் ஓர் அத்தியாயமாகிவிடும். பழைய போர்க்கதைக்கு ஜோகூர் அரசவை தந்த வடிவத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு ஏட்டின் முன்னுரையிலேயே ஒரு சான்று உண்டு. துன் ஸ்ரீ லானாங் தன் முன்னோரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், மலாக்காவின் பெண்டஹாரா ஸ்ரீ மகாராஜாவைக் கடந்து, துன் அலியைக் கடந்து, மணி புரிந்தானிடம் வந்து சேர்கிறார். மணி புரிந்தான் கெலிங் நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்தவர். தமிழ் முஸ்லிம் மரபினர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கடல் கடந்து வந்தவன் குடும்பத்து மூத்தவனாவது அவருக்குத் தன் வீட்டுச் செய்தி.

நீடித்த தடங்கள்

'சூலான்' அரச குடும்பத்துப் பெயராயிற்று. பேராக்கின் வரலாற்றைச் சொல்லும் 'மிசா மெலாயு'வை 18ஆம் நூற்றாண்டில் எழுதியவர் ராஜா சூலான். இன்றும் கோலாலம்பூரில் ஜாலான் ராஜா சூலான் இருக்கிறது. அதில் அன்றாடம் நடக்கும் தமிழர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரில் சோழனைக் கேட்கிறார்கள்?

கருங்கல் கோட்டையைத் தேடும் ஆவலும் தணியவில்லை. 2005இல் கோத்தா கெலாங்கி என்ற பெயரில் ஜோகூர்க் காட்டில் தொலைந்த நகரம் பற்றிய செய்தி மலேசிய நாளிதழ்களில் பரபரப்பாக வந்தது. பின்னர் அப்படியொரு நகரத்துக்குச் சான்றில்லை என்று அதிகாரிகள் அறிவித்தனர்.

வேதனை தரும் தடமும் ஒன்று உண்டு. ஏட்டில் மதிப்புக்குரிய நாட்டின் பெயராக நிற்கும் 'கெலிங்', இன்று மலேசியத் தமிழரைப் புண்படுத்தும் வசைச்சொல். மூதாதையின் நாடாக எண்ணப்பட்ட ஒன்று வசையாகத் தேய்ந்ததை, ஏட்டைப் படித்தவர் எவரும் இழப்பாகவே உணர்வார்.

முடிவுரை

ஏடு எழுதத் தொடங்கிய மறு ஆண்டு, 1613இல், ஆச்சேயின் படை பத்து சாவாரைத் தாக்கியது. சுல்தானோடு துன் ஸ்ரீ லானாங்கும் ஆச்சேக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் கல்லறை அங்கே சமலங்காவில் இருக்கிறது. ஆற்றின் மேலே வீழ்ந்த கருங்கல் கோட்டையைப் பற்றி எழுதியவர், தன் ஊரும் அதே ஆற்றங்கரையில் வீழக் கண்டார். ஏடு பிழைத்தது, 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் தோற்றவர்களின் வழிவந்தோர் அந்தப் போரை எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதையும் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். அவர்கள் வென்றவனைப் பகைவனாக எழுதி வைக்கவில்லை. பெண் கொடுத்து, பேரன் பெற்று, குலத்தின் மூத்தவனாக்கினார்கள். தஞ்சைக் கல்லையும் ஜோகூர் ஏட்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே 1025இன் வரலாறு முழுமையாகக் கிட்டும்.