பாலாற்றங்கரையில் கஜல்

தமிழ் இசுலாமிய இலக்கியம் என்றவுடன் காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் நினைவில் எழுவது இயல்பே. உமறுப்புலவரின் சீறாப்புராணமும், கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து முதலிய வடிவங்களும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் சேர்த்துவைத்த செல்வம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் நிலை வேறு. தோல் வணிகத்தில் தழைத்த குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி உருது. கவிதை என்றால் இரவெல்லாம் நடைபெறும் முஷாயிரா. தோல் மண்டிகளில் தமிழ் ஒலித்தது. கவிதை மேடைக்கு அது வந்து சேரவில்லை.

இவ்வணிகர்களின் கொடையால் 1919இல் வாணியம்பாடியில் எழுந்தது இஸ்லாமியாக் கல்லூரி. 1961இல் அங்குத் தமிழ் கற்பிக்க வந்தார் அப்துல் ரகுமான். மதுரையில் 1937இல் பிறந்தவர். தந்தையார் உருதுக் கவிஞர். உருது மணக்கும் வீட்டில் வளர்ந்தவர், உருது வழங்கும் ஊரிலேயே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தார் என்பது தமிழுக்கு வாய்த்த நற்பேறு. 1974இல் வெளிவந்த 'பால்வீதி' அவரைப் புதுக்கவிதையின் முன்வரிசையில் நிறுத்தியது. 'ஆலாபனை' 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எனினும் இவ்வட்டாரத்தோடு வைத்துப் பார்க்கையில், கஜலைத் தமிழுக்கு அழைத்து வந்ததே அவரது தனிப்பணி. 'மின்மினிகளால் ஒரு கடிதம்' அதன் சான்று.

கஜலின் ஒவ்வோர் ஈரடியும் தனிக்கவிதை. முதல் ஈரடியின் இரண்டு அடிகளிலும், பின்வருவனவற்றின் இரண்டாம் அடியிலும் 'ரதீப்' என்னும் ஒரே சொல் மீண்டும் மீண்டும் வரும். அதற்கு முன்னே 'காபியா' என்னும் இயைபு அமையும். அச்சொல் வருமென்று அறிந்து, அவையோர் கவிஞரோடு சேர்ந்து சொல்லி மகிழ்வர். இறுதி ஈரடியில் கவிஞர் தம் பெயரைப் பொறிப்பது நம் கீர்த்தனைகளின் முத்திரையை ஒத்தது. விளிக்கப்படும் காதலி பெண்ணாகவும் இருக்கலாம், இறைவனாகவும் இருக்கலாம். குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணியைப் பாடக் கேட்ட தமிழ்ச் செவிக்கு இது புதிதன்று.

இடர்ப்பாடு ஓசையில்தான். தமிழ்ச் செவி அடியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடும். உருதுச் செவி அடியின் முடிவில் காத்திருக்கும். இதனாலோ என்னவோ, இன்று தமிழில் கஜல் என்னும் பெயரில் எழுதப்படுவன பலவும் ஈரடியின் தனிமையையும் காதலின் ஏக்கத்தையும் கொண்டு, ரதீபைக் கைவிட்டுவிடுகின்றன. இது தேவையற்ற இழப்பு. உருதுவைப் போலவே தமிழிலும் வினை வாக்கியத்தின் முடிவில் நிற்பது. ஒரே வினைமுற்றை அடிதோறும் இறுதியில் நிறுத்தத் தமிழுக்குத் தடையேதும் இல்லை.

அப்துல் ரகுமான் 2017இல் மறைந்தார். ரதீபும் காபியாவும் வழுவாத தமிழ்க் கஜலை முஷாயிரா கேட்டுப் பழகிய ஆம்பூர், வாணியம்பாடிச் செவிகளின் முன் பாடிப் பார்க்கும் பணி அடுத்த தலைமுறைக் கவிஞர்களிடம் இருக்கிறது.