கல்லில் ஏறாத பெயர்கள்

பொன்னேரியிலிருந்து கடல் நோக்கிச் செல்லும் சாலை, திருப்பாலைவனத்தைத் தொட்டுக்கொண்டு, உப்புக்காற்று வீசும் பழவேற்காட்டில் போய் முடிகிறது. ஏரிக்கரையில் வலை உலர்த்தும் குப்பங்கள். அவற்றுக்கு நடுவே, மதில் சூழ்ந்த ஒரு பழைய இடுகாடு. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று நம்மை வரவேற்கின்றன! உள்ளே டச்சு நாட்டு வணிகர்களும் அதிகாரிகளும் அவர்தம் மனைவி மக்களும் உறங்குகின்றனர். இன்னார் மகன், இன்ன நாளில் பிறந்தான், இன்ன பதவி வகித்தான், இன்ன நாளில் மறைந்தான் என்று பெரிய பெரிய கற்களில் அழகிய எழுத்திலே பொறித்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுத்து அழியவில்லை. தொல்லியல் துறையும் அதைக் காத்து வருகிறது. காக்க வேண்டியதுதான், நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த இடுகாட்டை விட்டு வெளியே வரும்போது நம் நெஞ்சில் ஒரு கேள்வி எழுகிறது. இதே கரையிலிருந்து கப்பலேற்றப்பட்ட நம்மவர் எங்கே?

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலே கெல்திரியா என்ற கோட்டையை 1613-இல் எழுப்பினார்கள். துணி வாங்க வந்தவர்கள் என்றுதான் பள்ளிப் பாடம் சொல்லும். துணி வாங்கினார்கள், மெய்தான், வெடிமருந்தும் செய்தார்கள். பழவேற்காட்டு வெடிமருந்து கடல் கடந்து பத்தாவியா வரை போய் அவர்கள் போருக்கு உதவியது. துணியும் வெடிமருந்தும் போன வழியிலேயே மனிதர்களும் போனார்கள், விலைக்கு! நாட்டில் போர் மூண்டு பஞ்சம் தலைவிரித்தாடிய காலமெல்லாம் அவர்களுக்கு மலிவுக் காலம். பீசப்பூர்ப் படைகள் தஞ்சைத் தரணியைச் சூறையாடிய பின்னர், 1659 முதல் 1661 வரை, நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பிற துறைகளிலுமாக எண்ணாயிரம் முதல் பதினாயிரம் பேர் வரை அடிமைகளாக வாங்கப்பட்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. பெரும்பாலோர் இலங்கைக்கும், எஞ்சியோர் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பப்பட்டனர். ஒருவேளைக் கஞ்சிக்குப் பெற்ற மகனை விற்ற தாயின் பெயர் என்ன? விற்கப்பட்டவன் பெயர் என்ன? வாங்கியவன் பெயர் கல்லில் இருக்கலாம். விற்கப்பட்டவன் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணிக்கை!

செத்தவர்க்குக் கல் நடும் வழக்கத்தை வெள்ளையன் வந்துதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தான் என்று எவரேனும் எண்ணினால், அவர் தமிழர் வரலாற்றின் வாயிற்படியையே மிதிக்காதவர் என்போம். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட பின் வாழ்த்துவது வரை நடுகல்லுக்குத் தொல்காப்பியம் துறை துறையாக முறை வகுத்திருக்கிறது. புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த கற்களில் தமிழ் பிராமி எழுத்தே காணப்படுகிறது. ஆகோள் பூசலில் வீழ்ந்தவன் பேரரசனல்லன், ஊர் மாட்டைக் காக்கப் போன ஓர் ஆள். அவன் பெயரும் ஊரும் செயலும் கல்லில் ஏறின.

அவன் பெயர் மட்டுமா? திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாட்டுக்காக மாண்டான். அவனோடு அவன் வளர்த்த நாயும் நின்று, கள்வர் இருவரைக் கடித்தது. கல்லில் வீரனும் நிற்கிறான், நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் ஒரு நாயின் பெயரை நாம் படிக்கிறோம்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே, பின்னால் தேவைப்படும்.

பழம்பெருமை பேசி மீசை முறுக்க இதைச் சொல்லவில்லை. பெயர் பொறித்த அந்தக் கற்களை நாம் என்ன செய்தோம்? வட்டெழுத்தைப் படிக்க மறந்தோம். படிக்கத் தெரியாத கல்லுக்கு மஞ்சள் பூசினோம், பொட்டு வைத்தோம், வேடியப்பன் என்று பொதுப்பெயர் ஒன்றைச் சூட்டி, கிடா வெட்டிக் கும்பிடத் தொடங்கினோம்! மாண்டவன் கடவுளானான், அவன் பெயர் போயிற்று. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் ஊர் ஊராக நடந்து, கல்லைக் கழுவிப் படியெடுத்து, 1972-இல் செங்கம் நடுகற்கள் என்ற நூலை வெளியிட்டபோதுதான், சாமியாக நின்ற பலர் மீண்டும் மனிதர்களானார்கள். அர்ச்சனை காக்காத பெயரை ஆராய்ச்சி மீட்டது.

இனி, நம் பாட்டனார் காலத்துப் போருக்கு வருவோம்.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரைமணிப் பொழுதில் ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்தது. எண்ணெய்க் கிடங்குகள் கொழுந்துவிட்டெரிந்தன. நகரம் கிலி பிடித்து ஓடியது. அந்தக் கப்பலைப் பற்றி ஊர் மறக்கவேயில்லை. எமகாதகனை ‘எம்டன்’ என்று சொல்கிற அளவுக்குத் தமிழிலேயே அது குடியேறிவிட்டது. செண்பகராமன் அதில் வந்தார் என்று கதை கட்டினோம். ஐரோப்பாவில் இதழ் நடத்திக்கொண்டிருந்த அவரை அந்தக் கப்பலில் ஏற்றுவதற்கு ஏற்கத்தக்க சான்று ஒன்றும் இல்லை. குண்டு விழுந்த இடத்துக்கு உயர்நீதிமன்ற மதிலில் பலகை உண்டு. சுட்டவன் பெயர் தெரியும், கப்பல் பெயர் தெரியும். அன்றிரவு செத்தவர்கள் யார் என்று எந்தத் திண்ணையிலாவது பேசக் கேட்டதுண்டா?

அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து சென்றவர்கள் ஏறக்குறைய 13 இலட்சம் பேர். மாண்டவர்கள் 74 ஆயிரம் அளவில். போர் ஓய்ந்ததும் ஆட்சியாளர்கள் ஊர்களுக்குக் கல் கொடுத்தார்கள். வேலூர் கடைவீதி மணிக்கூண்டில் அத்தகைய கல் ஒன்று பதிந்திருக்கிறது. 1914-18 பெரும்போருக்கு இக்கிராமத்திலிருந்து 277 பேர் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் நீத்தனர் என்பது அதன் கருத்து. எழுதியது ஆங்கிலத்தில்! வேலூரைக் ‘கிராமம்’ என்கிறது அந்தக் கல். எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் வார்த்த வாசகம் போலும். எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 1806-இல் கும்பினியின் குலை நடுங்கச் செய்த சிப்பாய்களின் ஊருக்கு, நூறாண்டு கழித்துக் கிடைத்த மரியாதை இது. அந்தப் பதினால்வர் யார்? மணி பார்க்க அண்ணாந்து நோக்கும் வேலூர்க்காரர் எவருக்கும் அந்தக் கல் அதைச் சொல்லாது.

போனவர்கள் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகளா? அல்லர். சென்னைப் படையின் வரலாற்றைப் புரட்டினால், ஆதிதிராவிடர் பெருந்தொகையினராய் அதில் நின்றதைக் காணலாம். ஊரில் செருப்பணிந்து தெருவில் நடக்க விடாத சமுதாயத்திலிருந்து விலகிச் சீருடையில் நிமிர்ந்து நின்றவர்கள் அவர்கள். அதற்கும் வந்தது கேடு. வீரம் சில குலங்களுக்கே பிறவியில் வாய்த்தது என்றொரு தத்துவத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைத் தளபதிகள் கண்டுபிடித்தார்கள். மனு எழுதியதை அவர்கள் இராணுவ ஏட்டில் எழுதினார்கள், அவ்வளவே! சென்னைப் பட்டாளங்கள் பல கலைக்கப்பட்டன. தென்னாட்டான் போருக்கு ஆகாதவன் என்று தள்ளப்பட்டான். ஆனால் 1914-இல் பீரங்கி முழங்கியதும், தள்ளப்பட்டவனைத் தேடி வந்தார்கள். பாளையங்கோட்டைப் பட்டாளத்தை அதே ஆண்டு நவம்பரில் கிழக்காப்பிரிக்கத் தாங்காவில் இறக்கித் தோல்வியில் தள்ளினார்கள். சென்னைச் சாப்பர்கள் மெசபடோமியாவில் பாலம் கட்டினார்கள், பாதை வெட்டினார்கள்; குண்டுமாரிக்கிடையே டைகிரிஸ் ஆற்றைக் கடக்க வழி செய்தார்கள். ‘தம்பி’ என்பது அவர்களுக்குப் படைமுகாமில் வழங்கிய செல்லப்பெயர். செல்லப்பெயர் நிலைத்தது; சொந்தப் பெயர்?

பஸ்ராவுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் அதற்கு விடை. மெசபடோமியாவில் மாண்டு, புதைத்த இடம் தெரியாமற்போன நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்க்காக 1929-இல் அங்கே ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு? பட்டாளத்தின் பெயரைப் பொறித்து, அதிகாரிகள் பெயரை வரிசையாக எழுதி, அடியிலே இன்னும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று ஓர் எண்! எடுத்தனூர்க்காரன் தன் நாய்க்குச் செய்ததைக்கூட, சூரியன் மறையாத சாம்ராஜ்யம் தனக்காகச் செத்த மனிதனுக்குச் செய்யவில்லை.

எரிக்கும் வழக்கமுள்ளவர்க்குக் கல்லறை எதற்கு, மதம் குறுக்கே நின்றது என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். மதம் இங்கே பொய்ச்சாட்சி. பிரான்சு நாட்டு நவ்சப்பேலில் 1927-இல் எழுந்த நினைவிடத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்கள் ஒவ்வொன்றாய்ப் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கு மாண்டவரும் அதே மதத்தினர்தாம். வேறுபாடு எங்கே? பிரான்சில் ஐரோப்பியர் கண் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ராவில் பார்க்க யாருமில்லை. ஆப்பிரிக்கக் கோல்டு கோஸ்ட்டின் ஆளுநர் ஒருவரோ, சாதாரண நாட்டவனுக்குக் கல்லறைக்கல்லின் அருமை விளங்காது என்ற கருத்தை 1923-இல் கூசாமல் வெளியிட்டார். இந்த ஓரவஞ்சனையைப் போர்க்கல்லறைகளைப் பேணும் ஆணையமே ஆராய்ந்து, 2021 ஏப்ரலில் அறிக்கையாக ஒப்புக்கொண்டது. 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர். இன்னும் 1,16,000 பேருக்குக் குறையாதவர்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் மேற்காசியரும், பெயர் சொல்லியோ அல்லது அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்கிறது அது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். நூறாண்டு கழித்து!

பிரிட்டனுக்குள்ளேயே ஒரு சிறிய மொழி வழங்கும் நாடு வேல்ஸ். ஆங்கிலம் அழுத்தியும் அழியாது நின்ற மொழி. நமக்கு உறவு போலத் தோன்றும். அங்கே ட்ரவுஸ்வினித் என்ற மலைச்சிற்றூரில் ஆடு மேய்த்த கவிஞன் ஹெத் வின். 1917 ஜூலை 31-ஆம் நாள் பெல்ஜியப் போர்க்களத்தில் வீழ்ந்தான். சில வாரங்களுக்குப் பின் தேசியக் கவியரங்கில் வெற்றியாளர் பெயரை அழைத்தபோது எழுந்து வர ஆளில்லை. அவனுக்குரிய நாற்காலியைக் கறுப்புத் துணியால் போர்த்தினார்கள். 1923-இல் அவன் ஊரில் சிலை வைத்தார்கள்; திறந்தவர் அவனைப் பெற்ற தாய். சிலையில் அவன் துப்பாக்கி ஏந்தவில்லை. ஆட்டிடையனாகவே நிற்கிறான். அரசாங்கம் அவனுக்குத் தந்த உடுப்பைக் களைந்துவிட்டு, ஊர் தன் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்றே நமக்குப் படுகிறது. அந்நாட்டுச் சிற்றூர்களில் ஊர் நலக் கழகங்கள் இன்றும் நினைவுக்கல்லின் ஒவ்வொரு பெயரையும் எடுத்து, இவன் எந்தத் தெரு, என்ன தொழில், யார் மகன் என்று தேடி எழுதுகின்றன.

நம் பக்கத்துக் கடைசிக் கணக்கு சயாம் மரண ரயில். 1942, 43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் கூலி ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்டனர். காலராவிலும் பட்டினியிலும் ஆசியத் தொழிலாளர் மாண்ட தொகை 90 ஆயிரம் அளவில் என்பது பெரிதும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பசும்புல்லுக்கிடையே பெயர் பெயராய் நிற்கின்றன. தமிழனுக்கென்று அங்கே ஒரு நடுகல் எழ 2023 ஆயிற்று. அதிலும் ஒவ்வொருவர் பெயரையும் பொறிப்பதற்கு வழியில்லை. கூலிக்கு முழுப் பட்டியல் வைத்தவர் இல்லை.

பஸ்ராவின் நிலை அவ்வாறன்று. கல்லில் எண்ணாய்ச் சுருங்கியவர் பெயர்கள் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. பலருக்குப் படை எண்ணும், தந்தை பெயரும், ஊரும், தாலுகாவும், ‘வடஆர்க்காடு, மெட்ராஸ்’ என்று மாவட்டமும்கூட எழுதியிருக்கிறது. ஆங்கிலேயன் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்கள். அவற்றைத் தமிழாக்கிச் சரியான ஊரோடு பொருத்த நம்மவரால்தான் முடியும். மன்றங்களில் மாலை நேரத்தில் கூடும் இளைஞர்கள் நால்வர் அமர்ந்து, ஒரு தாலுகாவை எடுத்துக்கொண்டு, அந்த ஊர்களுக்கு நடந்து, முதியவர்களைக் கேட்டால் ஒரு கோடைக்குள் ஒரு பட்டியல் ஆகிவிடும். வேலூர்த் தோழர்களுக்கு அது இன்னும் எளிது. அவர்கள் தேடவேண்டியவர்கள் 14 பேர்.